'விற்கப்பட்டவன்' என்ற பெயரைப் பதிய மறுத்தது குறித்து

அனுப்புநர்:
டஃபினா ராதுலோவா,
கிரேன் ஓட்டுநர், ஆற்றுத் துறைமுகம்,
எண் 14, மீனவர் தெரு,
ரெச்னோவோ.

பெறுநர்:
மாண்புமிகு நகரத் தலைவர் அவர்கள்,
நகர அலுவலகம்,
ரெச்னோவோ.

பொருள்: என் மகனுக்கு நாங்கள் சூட்டிய 'புரோதான்' என்ற பெயரைப் பதிய மறுத்து, எங்களைக் கேளாமலே 'மார்ட்டின்' என்று பதிந்த பதிவு அலுவலர் திரு. சப்ரியான் பெல்செவ் மீது புகார் – பெயரைத் திருத்த ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. பதிவு அலுவலரின் கடிதம், நாள் 15.9.2011.
2. சிறுவர் நலத் துறையின் ஆய்வறிக்கை, நாள் 20.9.2011.
3. தங்கள் அலுவலகமே 1985 பிப்ரவரியில் வழங்கிய பெயர்ச் சான்று ஒன்று.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் பதினேழு ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். என் கணவர் வெல்கோ கொதிகலன்களைப் பழுது பார்ப்பவர். தங்கள் அலுவலகத்தின் கொதிகலனையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஆகவே தாங்கள் குளிரின்றி அமர்ந்து இம்மனுவைப் படிப்பதில் எங்கள் குடும்பத்துக்கும் சிறு பங்கு உண்டு என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. எனக்கு வயது நாற்பத்தொன்று. இந்தக் குழந்தைக்கு முன் எனக்கு இரண்டு மகன்கள் பிறந்தார்கள். மூத்தவனுக்கு ஷிவ்கோ என்று பெயர் வைத்தோம். 'வாழ்பவன்' என்று பொருள். பதினோரு நாள் வாழ்ந்தான். அடுத்தவனுக்கு ஸ்டோயான் என்று வைத்தோம். 'நிலைத்திருப்பவன்' என்று பொருள். ஐந்து வாரம் நிலைத்திருந்தான். இரண்டும் நல்ல பெயர்கள். எவரும் சிரிக்க முடியாத பெயர்கள். தங்கள் அலுவலகம் அவற்றை ஒரு கேள்வியும் கேட்காமல் பிறப்புப் பதிவேட்டில் எழுதியது. பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல் இறப்புப் பதிவேட்டிலும் எழுதியது. அந்த விரைவான சேவைக்கு அப்போது நன்றி சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

3. மூன்றாவது மகன் கடந்த செப்டம்பர் 3ஆம் தேதி பிறந்தான். தலைநகரிலிருந்து வந்திருந்த இதய மருத்துவர் அவன் நெஞ்சில் கருவியை வைத்துக் கால் மணி நேரம் கேட்டுவிட்டு, எந்தக் குறையும் இல்லை என்றார். அவரை நம்புகிறேன். ஸ்டோயானைப் பார்த்த மருத்துவரையும் நம்பத்தான் செய்தேன். எனவே இந்த முறை மருத்துவம் செய்ய வேண்டியதை மருத்துவர்கள் செய்து முடித்த பிறகு, எங்கள் பக்கத்தில் பெற்றவர்கள் செய்வதை நாங்களும் செய்தோம்.

4. அது என்ன என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். தங்கள் பதிவு அலுவலருக்குத் தெரியவில்லை என்பதால் எழுத வேண்டியதாகிறது. புரோதான் என்றால் நம் பல்கேரிய மொழியில் 'விற்கப்பட்டவன்'. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்ததும், பெற்ற பிள்ளைகள் எல்லாரும் உயிரோடு இருக்கும் ஒரு பெண்மணிக்கு அதை ஜன்னல் வழியாக விற்றுவிடுவார்கள். பிறகு அந்தப் பிள்ளை வாங்கியவளுடையது. பெற்றவள் வளர்த்துக் கொடுப்பவள் மட்டுமே. சாவும் ஓர் அலுவலர்தான் என்பது எங்கள் முன்னோர்களின் எண்ணம். அது கையில் ஒரு பட்டியலோடு வரும், முகவரியைப் பார்க்கும், "இந்த வீட்டுப் பிள்ளை எங்கே?" என்று கேட்கும். இந்த வீட்டில் பிள்ளையே இல்லை, விற்றாயிற்று என்றால், மறுபடி விசாரிக்கச் சோம்பல்பட்டுத் திரும்பிப் போய்விடும். அலுவலர்களைப் பற்றி முன்னோர்கள் கொண்டிருந்த இந்தக் கருத்து தவறு என்று நிரூபிக்கும் வாய்ப்பு இப்போது தங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

5. அப்படி விற்ற பிள்ளைக்கு வைக்கும் பெயர்தான் புரோதான். இப்போது யாரும் அதிகம் வைப்பதில்லை. பழைய கல்லறைகளிலும் சில குடும்பப் பெயர்களிலும் மட்டும் மிச்சம் இருக்கிறது. இந்த ஊரில் உயிரோடு இருக்கும் புரோதான் ஒருவன்தான். அவனுக்கு இன்று நாற்பத்தொரு நாள்.

6. எங்கள் பிள்ளையை வாங்கியவர் பக்கத்து வீட்டு நஸீஃபே அக்கா. துருக்கியப் பெண்மணி. வயது அறுபத்தாறு. ஐந்து பெற்றார், ஐந்தும் உயிரோடு இருக்கின்றன, இரண்டு பேர் அவரை எதிர்த்துப் பேசும் அளவுக்கு நலமாகவே இருக்கிறார்கள். செப்டம்பர் 7ஆம் தேதி காலை, மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே, தரைத்தள ஜன்னல் வழியாகக் குழந்தையை வெளியே நீட்டினேன். அவர் முற்றத்தில் ஒரு சோள ரொட்டியோடு நின்றிருந்தார். விற்பவள் சரக்கைக் குறை சொல்ல வேண்டும், வாங்குபவள் அரை மனதோடு வாங்க வேண்டும் என்பது முறை. எனக்கு வாயே வரவில்லை. அவர்தான் அதட்டினார்: "சும்மா நிக்காதடி. ஏதாவது கொற சொல்லு. நல்ல புள்ளன்னு தெரிஞ்சா யாராவது பின்னாடியே வந்துருவாங்க."

காது பெரிது என்றேன்.

"காது மட்டுமா? மூக்கு சப்ப. காலு குச்சி. இதுக்கு முழு ரொட்டி கேக்குறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

ரொட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வாசல் வழியாக உள்ளே வந்து, என் மடியில் போட்டார். "இது என் புள்ள. எனக்குப் பால் இல்ல, நீ குடு. பத்திரமா வளத்துக் குடு" என்றார். சரி அக்கா என்றேன். ஐயா, ஷிவ்கோவை முதல் முறை கையில் வாங்கிய நாளிலிருந்து, ஒரு பிள்ளையை வாங்கும்போது நான் பயப்படாதது அன்று ஒரு நாள்தான்.

7. மறுநாள் பெயரைப் பதியத் தங்கள் அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலுக்குப் போனேன். திரு. சப்ரியான் பெல்செவ் படிவத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பெயர் மாறவில்லை. அவர் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன்:

"அம்மா, இது பேரில்ல. கடைல பொருள் மேல ஒட்டுற சீட்டு."

பெயர்தான் என்றேன். சட்டத்தில் இடமில்லை என்றார். எந்தச் சட்டம் என்று கேட்டேன். சிரிப்புக்கு இடமான, இழிவுபடுத்தும் பெயர்களை மறுக்கத் தமக்கு அதிகாரம் உண்டு என்றார். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல வருகைப் பதிவு எடுக்கும்போது 'விற்கப்பட்டவன்'னு கூப்பிட்டா, புள்ள எப்படிம்மா தல நிமிந்து நிப்பான்?" என்றும் கேட்டார். முதலில் அவன் பள்ளிக்கூடம் போகிற வயது வரை வரட்டும் என்பதற்காகத்தான் இந்தப் பெயர் என்று விளக்கினேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் அந்த வாரம் பதிவான பெயர்களின் பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. அதில் இரண்டு டயமண்ட், ஒரு பிரின்ஸ், 'இமானுவேல்-ஜேசன்' என்று நடுவில் கோடு போட்ட ஒரு குழந்தை. இவற்றில் எதுவும் சிரிப்புக்கு இடமானதாக அலுவலருக்குத் தோன்றவில்லை. அந்தக் குழந்தைகளின் பெற்றோருக்கு என் வாழ்த்துகள்.

8. அந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். இது உண்மையான விற்பனையா, சடங்கா என்று அலுவலர் கேட்டார். உண்மையாகத்தான் விற்றேன் என்று சொல்லிவிட்டேன். சடங்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது வெறும் சடங்கு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பிறகு அதற்கு என்ன பலம் இருக்கும்? அதனால் சொல்லவில்லை.

9. ஒரு வாரம் கழித்துப் பார்வை ஒன்றில் கண்ட கடிதம் வந்தது. பெற்றோர் ஏற்கத்தக்க பெயர் எதையும் தராததால் அலுவலரே குழந்தைக்கு 'மார்ட்டின்' என்று பெயரிட்டுப் பதிந்திருப்பதாக அதில் இருந்தது. ஏன் மார்ட்டின் என்று தொலைபேசியில் கேட்டேன். படிவத்தின் கட்டங்களுக்குள் சரியாக அடங்குகிறது என்று பதில் வந்தது. எங்கள் எழுத்தில் மார்ட்டினுக்கும் ஆறு எழுத்து, புரோதானுக்கும் ஆறு எழுத்து. எண்ணிப் பார்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

10. கடிதத்தின் நகல் ஒன்று சிறுவர் நலத் துறைக்கும் போயிருந்தது. செப்டம்பர் 20ஆம் தேதி இரண்டு பெண் அலுவலர்கள் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தையைப் பார்த்தார்கள். தொட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள். அலமாரியையும் திறந்து பார்த்தார்கள். வேறு விற்பனைச் சரக்கு ஏதும் அங்கே இருக்கவில்லை. பிறகு நஸீஃபே அக்காவை அழைத்து, வாங்கியவர் நீங்கள்தானா என்று கேட்டார்கள். "ஆமா, நான்தான் வாங்குனேன். ரசீது போடல. ரொட்டிக்குச் சாட்சி வேணும்னா இவ புருஷனக் கேளுங்க, பாதிய அவன்தான் தின்னான்" என்றார் அவர். வந்தவர்களில் இளையவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூத்தவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பார்வை இரண்டில் கண்ட அறிக்கையில் அது இப்படி இருக்கிறது: 'வாங்கியவர் ஒப்புக்கொண்டார். விலை: சோள ரொட்டி ஒன்று. கைப்பற்ற இயலவில்லை, உண்ணப்பட்டுவிட்டது.' அந்தக் கோப்பு இன்றுவரை மூடப்படவில்லை. ஏழு வருடம் வரை அதைத் திறந்தே வைத்திருக்க வழி உண்டாம். அந்த ஏழு வருடமும் இவன் இருப்பான் என்று அரசாங்கமே எதிர்பார்க்கிறது என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். அந்த வகையில் அந்தத் துறைக்கு நான் கடமைப்பட்டவள்.

11. இதுவரை எழுதியதை நான் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி எழுதுவதை அப்படி எழுத இயலாது, பொறுத்தருள வேண்டும்.

அக்டோபர் 3ஆம் தேதி காலை குழந்தைக்குக் காய்ச்சல். ஸ்டோயானுக்கும் ஐந்தாவது வாரத்தில்தான் தொடங்கியது. வெல்கோ வேலையில் இருந்தார். நான் தனியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். பிறப்புப் பதிவைப் பார்த்துச் சீட்டு போட்டுக்கொண்டார்கள். நடைபாதையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். செவிலியர் கதவைத் திறந்து, "மார்ட்டினோட அம்மா யாரு, உள்ள வாங்க" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எந்தத் தாய் இவள், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது எங்கே போய்த் தொலைந்தாள் என்று எனக்கே கோபம் வந்தது. மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டு அந்தச் சீட்டைக் கட்டின் அடியில் வைத்தார். ஒரு மணி இருபது நிமிடம் கழித்து, எல்லாரும் போன பிறகு, நடைபாதையில் நானும் என் பிள்ளையும் மட்டும் மிஞ்சினோம். அவன் அழுவதை நிறுத்தியிருந்தான். அதுதான் எனக்கு அதிக பயம். "உங்க பேரு என்னம்மா?" என்று செவிலியர் கேட்டார். சொன்னேன். அவர் அடியிலிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தார். "அப்ப மார்ட்டின் உங்க புள்ளதானே? மூணு தடவ கூப்பிட்டேனே" என்றார்.

காதில் சீழ். அவ்வளவுதான். மருந்து கொடுத்தார்கள், நான்கு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு மணி இருபது நிமிடத்தைத் தங்கள் அலுவலகத்தின் எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது மீட்டர் உயரத்தில் காற்றடிக்கும்போது கிரேனுக்குள் இருந்திருக்கிறேன். அந்த உயரம் இதற்கு முன் ஒன்றுமில்லை.

12. வீட்டுக்கு வந்ததும் நஸீஃபே அக்கா நடந்ததைக் கேட்டார். பிறகு தம் தம்பியைப் பற்றிச் சொன்னார். நஸீஃபேக்கும் அவருக்கும் இடையில் அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள் போய்விட்டன. அதனால் அவரைப் பிறந்த அன்றே அத்தைக்கு விற்று, சாத்தில்மிஷ் என்று பெயர் வைத்தார்கள். துருக்கி மொழியில் அதற்கும் பொருள் அதேதான்: 'விற்கப்பட்டவன்'. பதினேழு வருடம் அடுத்த வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. நான் அவரை ஒரு தச்சர் என்று மட்டுமே அறிவேன்.

1985 குளிர்காலத்தில் இந்த ஊரில் துருக்கியர்களின் பெயர்களையெல்லாம் மாற்றினார்கள் என்பதைத் தங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. தங்கள் அலுவலகத்தில்தான் நடந்தது. மேசைமேல் பல்கேரியப் பெயர்ப் பட்டியல் இருந்தது, கதவருகே துப்பாக்கி இருந்தது. நஸீஃபே அக்கா அன்று நதேஷ்தா ஆனார். 'நம்பிக்கை' என்று பொருள். யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். தம்பி மட்டும் பட்டியலை நானே பார்க்கிறேன் என்றாராம். விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை மெதுவாக இறங்கினார். ஓரிடத்தில் நிறுத்தினார். இதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதைய அலுவலரைக் கேட்டார். "நல்ல பழைய பல்கேரியப் பேருப்பா, பெருமையா வச்சுக்க" என்று அவர் முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தப் பெயர் புரோதான்.

13. தம்பி திராட்சை அறுவடை முடித்துக் கிராமத்திலிருந்து வர ஒரு வாரம் ஆயிற்று. அந்தச் சான்றைக் கொண்டுவந்தார். ஆறு வருடம் அந்தப் பெயரில் இருந்துவிட்டு, 1991இல் சொந்தப் பெயரைத் திரும்பப் பெற்றவர் அவர். மற்றவர்கள் அந்தத் தாளைக் கொளுத்தினார்கள், இவர் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "எல்லாத்தையும் எடுத்துட்டாங்க தங்கச்சி. பேர எடுத்தாங்க, அப்பாவோட கல்லறைல இருந்த பேரக்கூடச் செதுக்கி எடுத்தாங்க. அர்த்தத்த எடுக்க மட்டும் அவங்களுக்குத் தெரியல. அது அவங்க முத்திரையோடவே எங்கிட்ட இருந்துச்சு" என்றார்.

ஆக, ஐயா, நிலைமை இதுதான். வேண்டாம் என்றவருக்குத் தங்கள் அலுவலகம் இந்தப் பெயரைத் துப்பாக்கி காட்டிக் கொடுத்திருக்கிறது. வேண்டும் என்று கேட்கிற எனக்கு இது பெயரே இல்லை என்கிறது. அதே மேசை, அதே வட்ட முத்திரை. ஜன்னல் எண் மட்டும் மாறியிருக்கலாம்.

14. நேற்று முன்தினம், 12ஆம் தேதி, சான்றை எடுத்துக்கொண்டு திரு. சாத்தில்மிஷுடன் மூன்றாம் ஜன்னலுக்குப் போனேன். அலுவலர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தப் பேரு தொண்ணூத்தொண்ணுலயே ரத்தாயிடுச்சு, இது செல்லாது" என்றார். ரத்தானது இவருக்குத்தான், பெயருக்கு அல்ல என்றேன். அவர் விதிப் புத்தகத்தைத் தேடினார்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. உங்கள் சொந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் சார் என்று கேட்டேன். "சப்ரியானா? அது அப்பா வச்சது. யாரோ ஒரு துறவி பேரா இருக்கும். எல்லாப் பேருக்குமா அர்த்தம் இருக்கு?" என்றார். ஐம்பத்திரண்டு வயது மனிதர். இருபத்தைந்து வருடமாக ஊரில் பிறந்த எல்லாருக்கும் பெயர் எழுதுகிறவர். நான் சிரித்துவிட்டேன்; அதற்காக இப்போது வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

சாத்தில்மிஷ் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பிக்குக் கிட்டே போய், தணிந்த குரலில் கேட்டார்: "சார், உங்களுக்கு முன்னாடி உங்க வீட்ல எத்தன புள்ளைங்க போச்சு?"

அலுவலர் புத்தகத்தைத் தேடுவதை நிறுத்தினார். "ரெண்டு" என்றார். "ரெண்டு அக்கா. உங்களுக்கு யார் சொன்னா?"

"உங்க பேரு சொல்லுது. சப்ரியான்னா 'நிறுத்தப்பட்டவன்'. சாவு இதோட நிக்கட்டும்னு வைக்கிற பேரு. நின்னுச்சா?"

"எனக்கப்புறம் ஒரு தம்பி" என்றார் அலுவலர். "இருக்கான். ரெண்டு புள்ளைங்க அவனுக்கு."

பிறகு ஜன்னலை மூடிவிட்டார். மணி பதினொன்று இருபது. உணவு இடைவேளை பன்னிரண்டுக்குத்தான். பின்னால் நின்ற பதினான்கு பேர் என்மேல் கோபப்பட்டார்கள். கோபம் நியாயமானது.

15. கால் மணி நேரம் கழித்து ஜன்னல் திறந்தது. அவர் முகம் கழுவியிருந்தார். தாம் போட்ட ஆணையைத் தாமே ரத்து செய்ய விதியில் இடமில்லை, நகரத் தலைவர் ஒருவரால்தான் முடியும் என்றார். அதற்கு ஒரு புகார் மனு வேண்டும் என்றார். எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது என்றேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று ஒரு தாளில் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். இம்மனுவின் பொருள் வரி, அவர் மீதான புகார் என்ற சொற்கள் உட்பட, அவர் எழுதிக் கொடுத்ததே. கிளம்பும்போது அவர் சொன்னதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்: "கொஞ்சம் கடுமையாவே எழுதுங்கம்மா. மெதுவா எழுதுனா தலைவர் பாதியிலயே தூக்கிப் போட்டுருவார்."

எனவே இம்மனுவில் உள்ள கடுமை அலுவலரின் ஆலோசனைப்படி சேர்க்கப்பட்டது. குறைவாக இருந்தால் தெரிவிக்கவும். மேலும் சேர்த்து அனுப்புகிறேன்.

16. ஆகவே, தாங்கள் தயவுகூர்ந்து,

(அ) என் மகனின் பெயரைப் புரோதான் வெல்கோவ் ராதுலோவ் எனத் திருத்தி ஆணையிட வேண்டும் என்றும்,

(ஆ) சிறுவர் நலத் துறையின் கோப்பை மூட எழுத வேண்டும் என்றும், மூட இயலாதெனில் அதில் 'வாங்கியவர் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்' என்ற ஒரு வரியையாவது சேர்க்க வேண்டும் (ஏனெனில் அது உண்மை) என்றும்,

(இ) பதிவு அலுவலர் திரு. பெல்செவ் மீது நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்றும்

கேட்டுக்கொள்கிறேன். மூன்றாவது கோரிக்கை புகார் மனுவுக்குப் பொருந்தாது என்று வெல்கோ சொல்கிறார். இருந்தாலும் இருக்கட்டும்.

தங்கள் ஆணை வரும்வரை குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிப்போகும் நிலை வராதிருக்க வேண்டும் என்பதே என் இப்போதைய கவலை. அதனால் விரைவாகச் செய்து தருமாறு வேண்டுகிறேன்.

இடம்: ரெச்னோவோ
நாள்: 14.10.2011

இப்படிக்கு,
டஃபினா ராதுலோவா (வளர்ப்பவர்)
நஸீஃபே (வாங்கியவர்)

இணைப்பு: பார்வையில் கண்ட மூன்று தாள்களின் நகல்கள்.

---

*(மனுவின் பின்பக்கத்தில், நீல மையில்)*

படித்தேன். முழுவதும். பெயரைக் கோரியபடி திருத்துக. சிறுவர் நலத் துறைக்குத் தனியே எழுதப்படும். – நகரத் தலைவர், 20.10.2011

*(அதன் கீழே, கறுப்பு மையில்)*

ஆணைப்படி இன்று 'புரோதான் வெல்கோவ் ராதுலோவ்' எனத் திருத்தப்பட்டது. புதிய சான்று தாயாரிடம் நேரில் வழங்கப்பட்டது.

கோப்பின் சரிபார்ப்புக்காக ஒரு குறிப்பு: மனுவின் 14ஆம் பத்தியில் என் சகோதரிகள் இருவர் என்று உள்ளது. அது பிழை, நான் சொன்ன தகவல்தான் பிழை. மூவர். மூத்தவள் பெயர் வைப்பதற்கு முன்பே இறந்ததால் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஞாயிறன்று என் தாயாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சப்ரியான் பெல்செவ்,
பதிவு அலுவலர், 21.10.2011